பிராக் இரவுகளைத் தொகுப்பாக வாங்கலாமா?

கேள்வி: திருமணமாகிப் பத்தாவது ஆண்டு. நானும் மனைவியும் மூன்று இரவுகள் செக் நாட்டின் தலைநகர் பிராகில் தங்கப்போகிறோம். பகலில் ஊர் சுற்றல், இரவில் இசை, பீர், கொஞ்சம் ஆட்டம். டிராவல்ஸ்காரர் கோட்டை, மொசார்ட் கச்சேரி, படகு விருந்து, பப் உலா எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகுப்பை நீட்டுகிறார். வாங்கலாமா? – வாசகர், கோவை

பதில்: வேண்டாம். விமான டிக்கெட்டை அவரிடமே வாங்குங்கள்; இரவுகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோட்டை. வளாகத்துக்குள் நுழையக் கட்டணமே கிடையாது. பழைய அரண்மனை, தங்கச் சந்து, 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்த புனித வீட்டஸ் தேவாலயத்தின் உட்பகுதி போன்றவற்றுக்குத்தான் டிக்கெட். அதுவும் இரண்டு நாள் செல்லும் என்பதால், வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் ஓட வேண்டியதில்லை. 1357-இல் அடிக்கல் நாட்டிய சார்லஸ் பாலமும் இலவசம். 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தில் மணிக்கொரு முறை பொம்மைகள் நகர்வதைப் பார்க்கவும் காசில்லை. எல்லோரும் அண்ணாந்து நிற்கும் அந்த நேரத்தில் பர்ஸ் மட்டும் பத்திரம்.

அடுத்து கச்சேரி. பொய்முடியும் பட்டுக் கோட்டும் அணிந்து தெருவில் டிக்கெட் விற்பவர்களிடம் வாங்காதீர்கள். எந்த அரங்கம், யார் வாசிக்கிறார்கள், எத்தனை பேர் என்று கேட்டால் பல நேரம் துண்டுப் பிரசுரம்தான் பதிலாகக் கிடைக்கும். மொசார்ட்டின் ‘டான் ஜியோவானி’ இசைநாடகம் 1787-இல் முதன்முதலாக மேடையேறிய எஸ்டேட்ஸ் தியேட்டர் இன்றும் இயங்குகிறது. செக் தேசிய அரங்கின் இணையதளத்தில் இருக்கையைத் தேர்ந்தெடுத்தே வாங்கலாம். ஜாஸ் பிடிக்குமென்றால் ரெடூட்டா கிளப் இருக்கிறது. 1994-இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் சாக்ஸபோன் வாசித்த இடம்.

பப் உலாவுக்குத்தான் நான் சிரித்துவிட்டேன். குடிபோதைக் கூச்சலைப் பொறுக்க முடியாமல், வழிகாட்டியுடன் கும்பலாக பப் பப்பாகப் போகும் உலாக்களை இரவு 10 முதல் காலை 6 வரை நடத்தக் கூடாது என்று பிராக் நகர நிர்வாகம் 2024-இல் தடை விதித்துவிட்டது. அவர் எத்தனை மணி உலாவை விற்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் இருவருமாகப் போவதற்கு எந்தத் தடையும் இல்லை. பழைய நகரச் சதுக்கத்தைவிட்டு ஜிஷ்கோவ், வினோஹ்ராடி பகுதிகளுக்குப் போங்கள். உள்ளூர்க்காரர்கள் குடிக்கும் விலையில் குடிக்கலாம். பழைய பாணி பப்பில் மேசையில் ஒரு காகிதத் துண்டு வைத்து, ஒவ்வொரு பீருக்கும் பேனாவால் ஒரு கோடு இழுப்பார்கள். அதுதான் பில். எழுந்திருக்கும்முன் கோடுகளை எண்ணுங்கள். நுரை தடிமனாக இருப்பது ஏமாற்று அல்ல, அங்கே அப்படித்தான் ஊற்றுவார்கள். நீங்கள் கேட்காமல் மேசைக்கு வந்த ரொட்டியைத் தொட்டால் அதற்கும் காசு என்பதை மறக்க வேண்டாம்.

படகு விருந்து உங்கள் விருப்பம்.

வென்சஸ்லாஸ் சதுக்கத்தில் நள்ளிரவில் கையைப் பிடித்து கிளப்புக்கு அழைப்பவர்களிடம் நின்று பேசவே பேசாதீர்கள். மெட்ரோ நின்றபின் இரவு டிராம்கள் விடியும்வரை ஓடுகின்றன. லசார்ஸ்கா நிறுத்தத்தில் அவை சந்திக்கும். காகித டிக்கெட்டை மஞ்சள் இயந்திரத்தில் முத்திரையிட மறந்தால், டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம்தான்.

கேள்வி: பிராகில் ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையை நம்பி யூரோ மாற்றிய நண்பருக்குப் பாதிப் பணம் போனதாகச் சொல்கிறார். மீட்க வழியுண்டா? – வாசகி, மதுரை

பதில்: உண்டு, ஆனால் உடனே செய்ய வேண்டும். நாணயம் மாற்றும் கடையில் 1,000 யூரோவரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யும் உரிமையைச் செக் சட்டம் 2019 முதல் தருகிறது. ரசீதுடன் அதே கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். தெருவில் நின்று மாற்றித் தருபவரிடம் ரசீதும் இல்லை, உரிமையும் இல்லை. சில நேரம் கையில் வருவது செக் நாணயமான கொருனாவே இல்லை, செல்லாத வேறு நாட்டுத் தாள்.

கமிஷனைக் கேட்காதீர்கள். ‘நூறு யூரோ கொடுத்தால் கையில் எத்தனை கொருனா?’ என்று மட்டும் கேளுங்கள். அண்மைக் காலத்தில் ஒரு யூரோ 24, 25 கொருனாவை ஒட்டி இருந்திருக்கிறது. கிளம்பும் நாளில் விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் 18 என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். ஏ.டி.எம்.மிலும் கார்டு இயந்திரத்திலும் ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா’ என்று திரை கேட்கும். மறுத்துவிட்டு கொருனாவையே தேர்ந்தெடுங்கள்.

சதுக்கத்துக் கடைகளில் கணக்கு வேறு மாதிரி. தணலில் சுழலும் பன்றித்தொடைக்கு எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு. கடைக்காரர் கத்தியை வைப்பது அதைப்போல மூன்று நான்கு மடங்குத் துண்டில். வெட்டுவதற்குமுன் எடையைச் சொல்லுங்கள்.

கேள்வி: பிராக் பப்களில் சைவர்களுக்கு என்ன கிடைக்கும்? – வாசகி, திருச்சி

பதில்: ரொட்டித்தூளில் புரட்டி வறுத்த பாலாடைக்கட்டி ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு, ‘ஸ்மஜெனி சீர்’ என்று கேளுங்கள். மேல்மாவிலும் கூடவே வரும் டார்டார் சாஸிலும் முட்டை இருக்கும். அதுவும் ஆகாதென்றால் உருளைக்கிழங்கு வறுவல்தான்.