குஷி வேறு, குஷ்டி வேறு

கேள்வி: ‘குஷி’, ‘குஷ்டி’ என்று பிரிட்டிஷ்காரர்கள் பேச்சில் வருபவை ஒரே சொல்லின் இரு வடிவங்களா?

பதில்: பிறந்த வீடு வேறு. நோகாமல் சம்பளம் வாங்கும் வேலையைக் ‘குஷி’ என்பார்கள். நாம் புழங்கும் அதே குஷிதான். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்து, இங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் நாக்கில் ஏறி, அவர்களோடு ஊர் போய்ச் சேர்ந்தது. ‘குஷ்டி’யோ ஜிப்சிகள் எனப்படும் ரோமா மக்களின் ரோமானி மொழிச் சொல், ‘நல்லது’ என்று பொருள். 1980-களில் பிபிசி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் நாயகன் அதைச் சொல்லிச் சொல்லியே நாடெங்கும் பரப்பினான். நம் குஸ்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடுத்த கடிதம் அதைக் கேட்டுத்தான் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ‘பிளைட்டி’ தாய்நாடு; ‘பிளைட்டர்’ வசவு. எப்படி?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது. அரபியின் ‘விலாயத்’ உருதுவில் ‘விலாயத்தி’ ஆகி, ‘அயல்நாட்டு, ஐரோப்பிய’ என்ற பொருளில் வழங்கியது. நாம் சீமை எண்ணெய், சீமை ஓடு என்கிறோமே, அந்தச் ‘சீமை’ செய்யும் வேலைதான். வட்டார வழக்கில் ‘பிலாயத்தி’. சிப்பாய் வாயில் ‘பிளைட்டி’. இந்தியர்கள் அயல்நாட்டுக்கு வைத்த சொல், வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சொந்த ஊரின் பெயராகிவிட்டது! முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அதற்கு இன்னொரு பொருளும் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஊருக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற அளவுக்குக் காயம் பட்டால் அதுவும் ஒரு ‘பிளைட்டி’. அதற்கு ஏங்கியவர்கள் உண்டு. ‘பிளைட்டர்’ பயிரைக் கருக்கும் நோயின் பெயரிலிருந்து வந்தது. ‘விளங்காத பயல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இங்கிலாந்து கிரிக்கெட் ரசிகர்களின் ‘பார்மி ஆர்மி’க்கும், இதமான காற்றைக் குறிக்கும் ‘பாமி’க்கும் தொடர்பு உண்டா?

பதில்: ‘பாமி’ நறுமணத் தைலத்திலிருந்து வந்தது. ‘பார்ம்’ என்பது பீர் புளிக்கும்போது பொங்கும் நுரை. தலைக்குள் நுரை பொங்குபவன் ‘பார்மி’, அதாவது கிறுக்கன். தென் இங்கிலாந்து உச்சரிப்பில் ‘ர்’ அமுங்கிவிடுவதால் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே விழும். ரசிகர் படைக்கு அந்தப் பெயர் 1994-95 ஆஸ்திரேலியத் தொடரில் கிடைத்தது.

கேள்வி: பிரிட்டிஷ் பேச்சில் தேநீரும் ‘சார்’ (char), வீடு துடைக்க வருபவரும் ‘சார்’. ஏன்?

பதில்: தேநீர் சீனத்துச் ‘சா’, நம் சாயாவுக்கு நெருங்கிய சொந்தம். வேலைக்காரப் பெண்மணியின் ‘சார்’ பழைய ஆங்கிலத்தில் ‘முறை’ என்று பொருள்பட்ட சொல்லின் வழி வந்தது. தன் முறைக்கு வந்து வேலை செய்துவிட்டுப் போகிறவர்.