பனிக்காலத்தில் லாப்ரடார் குட்டிக்குப் பயிற்சியை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் துலூத் நகருக்கு வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. பக்கத்து வீட்டுக்காரரோடு வாத்து வேட்டைக்குப் போய்ப் பழகி, நானும் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினேன். இப்போது ஏழு மாதம். அக்டோபரில் வீசிய டம்மியை (வாத்துக்குப் பதிலாக வீசிப் பழக்கும் உருளை) எல்லாம் பாய்ந்து எடுத்து வந்தவள், பனி விழுந்ததிலிருந்து பாதி வழியில் நின்று காலைத் தூக்குகிறாள், பனியைத் தின்கிறாள், டம்மியைக் கண்டுபிடிக்காமலே திரும்பிவிடுகிறாள். ஏப்ரல் வரை பயிற்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் அக்டோபரில் செய்ததை அப்படியே ஜனவரியில் செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றுமே பனியால் வருபவை. குட்டி சோம்பேறியாகிவிட்டாள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

முதலில் கால். விரல் இடுக்கில் இருக்கிற முடியில் பனி ஒட்டி, உடல் சூட்டில் உருகி, மறுபடி உறைந்து கோலிக்குண்டு மாதிரிக் கட்டிவிடும். செருப்புக்குள் கல்லோடு நடப்பதைப் போலத்தான் அவளுக்கு இருக்கும். அந்த முடியை உள்ளங்கால் மட்டத்துக்கு வெட்டிவிட்டு, கிளம்பும் முன் பாதத்துக்கான மெழுகைத் தடவுங்கள். வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவித் துடையுங்கள். நடைபாதையில் தூவுகிற உப்பு காலை எரிக்கும், நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். கார் ஷெட்டில் ஆன்டிஃப்ரீஸ் (கார் எஞ்சினின் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றும் திரவம்) சிந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இனிக்கும், நாய் விரும்பி நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும்.

பனியைத் தின்பது பெரும்பாலும் தாகம். வெளியே போகுமுன் இளஞ்சூடான தண்ணீர் கொடுங்கள். குளிர் என்பதற்காகச் சாப்பாட்டை மட்டும் கூட்டிவிடாதீர்கள். கால் மணி நேரப் பயிற்சிக்கு அது தேவையில்லை. லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். உங்கள் குட்டி பார்க்கிற பார்வையை நம்பித் தட்டை நிரப்ப வேண்டாம்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு குளிர்ந்த கடலில் வேலை செய்த நாய்களின் வழிவந்த இனம் இது. உள்ளே மெத்தென்ற அடிமுடி இருக்கிறது. நம்மூர்ச் சிப்பிப்பாறையாக இருந்தால் என் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும். இருந்தாலும் ஏழு மாதக் குட்டி குட்டிதான். காற்றில்லாத மைனஸ் 10 டிகிரியில் நான் 15 நிமிடத்துக்கு மேல் வேலை வாங்குவதில்லை. மைனஸ் 18க்குக் கீழே போனால் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போய்வர மட்டும்தான். உடம்பு நடுங்கினாலோ, நடை தளர்ந்தாலோ உடனே உள்ளே கூட்டிப்போங்கள். இன்னொன்று, எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளுகிற மென்மையான முனைப்பகுதி) மூடுவதற்கு ஒரு வயதாவது தாண்ட வேண்டும். அவள் முழங்கைக்கு மேல் புதையும் பனியில் தாவித் தாவி ஓட விடாதீர்கள். ஸ்னோமொபைல் என்ற பனி வண்டி போன தடமோ, மிதித்து இறுகிய இடமோ போதும்.

இனி டம்மி. வெள்ளை டம்மியா வைத்திருக்கிறீர்கள்? அப்படியானால் பனியில் அவளுக்கு அது தெரியவே தெரியாது. கறுப்புக்கு மாறுங்கள். ஆரஞ்சு நிறம் நாய்க்கு மங்கலாகத்தான் தெரியும். தொலைந்த டம்மியை நீங்கள் தேடுவதற்குத்தான் அது உதவும். குளிரில் வாசனையும் குறைவாகவே கிளம்பும், டம்மி பனிக்குள் புதைந்தால் இன்னும் குறையும். அதனால் டம்மியிலிருந்து அவள் பக்கம் காற்று வருகிற மாதிரி நின்றுகொண்டு, 20 மீட்டரிலிருந்து தொடங்குங்கள். ஈரமான துணி டம்மி உறைந்து கல்லாகிவிடும். புதிதாக முளைத்த பற்கள் அவை, காய்ந்த டம்மிகளாக இரண்டு மூன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் நாயிடம் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. டம்மியை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, கை காட்டி அனுப்புவேன். அம்பு மாதிரி போவான். எனக்கு ஒரே பெருமை. மார்ச்சில் பனி கரைந்த பிறகு அனுப்பினால் பத்தடி போய் நின்று திரும்பிப் பார்க்கிறான். குளிர்காலம் முழுவதும் அவன் படித்தது என் காலடித் தடத்தை! ஆகவே டம்மியை வைக்கப் போகிறவர் பக்கவாட்டில் சுற்றிப் போய், அதே வழியில் திரும்பட்டும். அவளுக்கு முன்னால் இருக்கும் பனி கலையாமல் இருக்க வேண்டும். அதில் இன்னொரு லாபமும் உண்டு. அவள் போய்வந்த பிறகு தடத்தைப் பாருங்கள். நேராகப் போனாளா, எந்த இடத்தில் காற்றில் வாசனை பிடித்துத் திரும்பினாள், எங்கே குழம்பிச் சுற்றினாள் என்று எல்லாம் பனியில் பதிந்திருக்கும். புல்வெளியில் இது கிடைக்காது.

உள்ளே உருண்டை இருக்கிற விசிலை விட்டுவிடுங்கள், மூச்சின் ஈரம் உறைந்து உருண்டை சிக்கிக்கொள்ளும். உருண்டையில்லாத பிளாஸ்டிக் விசில் நல்லது. உலோகம் உதட்டில் ஒட்டும்.

மீதி வேலை வீட்டுக்குள். கதவுகளைச் சாத்திய நடைவழி ஒன்று போதும். உட்காரச் சொல்லி, டம்மியை உருட்டி, பெயர் சொல்லும்வரை அசையாமல் இருக்கப் பழக்குங்கள். நாலைந்து முறையில் ஒருமுறை நீங்களே போய் எடுத்து வாருங்கள், வீசியதெல்லாம் தனக்கே என்ற எண்ணம் குறையும். கையில் தரும்வரை வாயில் கவ்விப் பிடித்திருப்பது, கூப்பிட்டதும் வருவது, ஒட்டி நடப்பது எல்லாம் நாளுக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம். செப்டம்பர் கடைசியில் வாத்து சீசன் தொடங்கும்போது படகில் துள்ளாமல் உட்காருகிற நாய்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேண்டியிருக்கும்.

துப்பாக்கிச் சத்தத்தைக் கார் ஷெட்டில் பழக்கவே பழக்காதீர்கள், எதிரொலி பயமுறுத்திவிடும். திறந்த வெளியில், ஒருவர் 100 மீட்டருக்கு அப்பால் நின்று வெற்றுத் தோட்டா வெடிக்க, அதே நேரம் அவள் டம்மியின் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காது மடிந்தால், வால் தாழ்ந்தால் அன்றைக்கு அதோடு சரி.

அப்புறம் ஏரி. மனிதர் நடக்க 4 அங்குலத் தெளிவான ஐஸ் வேண்டும் என்று மின்னசோட்டா இயற்கை வளத் துறை சொல்கிறது. அவ்வளவு இருந்தாலும் ஐஸ் மேல் டம்மி வீசாதீர்கள். வீசினால் அங்கே ஓடலாம் என்று கற்றுக்கொள்வாள், நவம்பரின் மெல்லிய ஐஸும் ஜனவரி ஐஸும் அவளுக்கு ஒன்றுதான். தண்ணீர்ப் பயிற்சியை மே மாதக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள், அதுவும் நீங்கள் முழங்கால் வரை இறங்கிப் பார்த்துக் கால் மரத்துப்போகாத நாளில்.