இல்லாத ஒரு ராக் குழுவின் கதை

கேள்வி: உண்மையிலேயே நீங்கள் காதலில் விழுந்த நாவல் எது? அதில் அப்படி என்ன இருந்தது?

டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் எழுதி 2019-இல் வந்த ‘டெய்சி ஜோன்ஸ் அண்ட் த சிக்ஸ்’. கொஞ்சமும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆங்கில நாவல். 1970களில் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த ஒரு ராக் குழு, 1979 ஜூலையில் சிகாகோவில் ஒரு கச்சேரி முடிந்த கையோடு கலைந்துபோகிறது. ஏன் என்று வருஷக்கணக்காக யாரும் வாய் திறக்கவில்லை. வயதான பிறகுதான் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பிக்கிறார்கள். அப்படி ஒரு குழு உலகத்தில் இருந்ததே கிடையாது. ஆனாலும் படித்து முடித்தபோது அவர்கள் கச்சேரிக்கு நானும் ஒருமுறை போய் வந்த மாதிரிதான் இருந்தது.

காரணம், எழுதியிருக்கும் விதம். முழு நாவலும் பேட்டிதான். கதை சொல்ல ஆசிரியர் குறுக்கே வருவதே இல்லை. ஒரு பெயர், அதற்குக் கீழே அவர் பேசியது, அடுத்த பெயர், அவர் பேசியது. ஒரே சம்பவத்தைக் குழுவின் தலைவனும் பாடகனுமான பில்லி ஒரு மாதிரி சொல்வான், அவனோடு பாடும் டெய்சி வேறு மாதிரி சொல்வாள். இரண்டு பேரும் பெரிதாகப் பேசியதை டிரம்ஸ் வாசிக்கிற வாரன் ஒரே வரியில் தூக்கிப் போட்டுவிட்டுப் போவான். யார் சொல்வது நிஜம் என்று நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கட்சி மாறிக்கொண்டே படித்தேன்.

‘ஹனிகோம்ப்’ என்ற பாட்டு உருவாகும் இடத்தைச் சொல்கிறேன். பில்லி குடியிலும் போதையிலும் விழுந்து, முதல் குழந்தை பிறந்த நேரத்தில்கூட மனைவி கமீலா பக்கத்தில் இல்லாமல் போனவன். மீண்டு வந்து, இனி நம் வாழ்க்கை இப்படி இருக்கும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்து எழுதிய பாட்டு அது. அதில் சேர்ந்து பாட வந்த டெய்சி வரிகளை மாற்றிவிடுகிறாள். அவன் உறுதியாகச் சொன்னதெல்லாம் அவள் கையில் சந்தேகமாகிவிடுகிறது. அவனுக்கு வந்த கோபம் நியாயமானது. அவள் செய்ததில்தான் பாட்டுக்கு உயிர் வந்தது, அதுவும் உண்மை. காதில் ஒரு சுரமும் விழாமல், இரண்டு பேர் சண்டை போடுவதை மட்டும் படித்தே எனக்கு அந்தப் பாட்டு கேட்டது.

எல்லாரும் டெய்சியையும் பில்லியையும் பற்றியே பேசுவார்கள். எனக்கு இந்த நாவல் கமீலாவுடையது. கீபோர்டு வாசிக்கிற கேரன் கர்ப்பமாகிறாள். அவளுக்குக் குழந்தை வேண்டாம், மேடைதான் வேண்டும். பில்லியின் தம்பி கிரஹாமோ அந்தக் குழந்தைக்கு ஆசைப்படுகிறான். கடைசியில் கேரனுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போவது யார் தெரியுமா? குடும்பம், குழந்தைகள் என்றே வாழ்கிற கமீலா. தான் தேர்ந்தெடுத்த வாழ்க்கைக்கு நேர் எதிரான முடிவை எடுக்கிற ஒருத்திக்குப் பக்கத்தில் அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், புத்தி சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேலே படிக்க முடிந்தது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. டெய்சி ஒரு இத்தாலிக்காரனைக் கல்யாணம் செய்துகொள்ளும் பகுதி ஒட்டவில்லை, அவசரமாக வந்து அவசரமாகப் போகிறது. எட்டி என்ற கிட்டார்காரனின் புகார்களும் ஒரு கட்டத்துக்கு மேல் அலுக்கின்றன. ஆனால் குழு என்று இருந்தால் அதில் ஒரு எட்டி இருப்பான், அதையும் சொல்லியாக வேண்டும்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டிலேயே ஒரு குழுக்காரர் இருக்கிறார். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவள். என் சித்தப்பா இளவயதில் நலங்கு இரவுகளிலும் கல்யாண ஹால்களிலும் பாஸ் கிட்டார் வாசித்தவர். தமிழ் சினிமாப் பாட்டு இரண்டு, அப்புறம் ஒரு ராக் பாட்டு என்று கலந்து வாசிப்பார்களாம். இந்த நாவலைப் படித்த கையோடு அவரிடம் போய், “உங்க குழு ஏன் சித்தப்பா நின்னுபோச்சு?” என்று கேட்டேன். ஆம்ப்ளிஃபயர் வாங்கிய கடனில் வந்த தகராறு என்றார். அடுத்த தெருவில் இருக்கும் அவருடைய டிரம்மரிடம் கேட்டால், “கடனா? உன் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆச்சு மா, அதோட வரலை” என்றார். அதைத் திரும்ப வந்து சொன்னதும் சித்தப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “அவன் சொல்றத நம்பாத!” இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது இன்னும் வலிக்கிறது, அவ்வளவுதான். நாவலின் நடை அப்படியே எங்கள் வராந்தாவில் நடந்தது.

பேச்சு வழக்கம்போல ‘த ஃப்ளேம்ஸ்’ பக்கம் போனது. டர்பன்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1960களில் இங்கே ஃபத்தார் சகோதரர்கள் நடத்திய குழு அது. பிறகு பிளாண்டி சாப்ளினும் வந்து சேர்ந்தார். ‘ஃபார் யுவர் பிரெஷியஸ் லவ்’ பாட்டை அவர்கள் பாடிய விதத்தை எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். நிறவெறி ஆட்சிக் காலம், யார் எங்கே யாருக்குப் பாடலாம் என்பதற்கே சட்டம் இருந்தது. அவர்கள் லண்டனுக்குப் போனார்கள். அங்கே பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் கார்ல் வில்சன் அவர்களைப் பார்த்து அமெரிக்காவுக்கு அழைத்துப் போக, 1970-இல் அங்கே ஒரு ஆல்பம் வந்தது. அதன்பின் குழு கலைந்தது. ரிக்கி ஃபத்தாரும் பிளாண்டி சாப்ளினும் 1972-இல் பீச் பாய்ஸ் குழுவிலேயே சேர்ந்தார்கள். 1973-இல் வந்த ‘செயில் ஆன், செய்லர்’ பாட்டில் முன்னால் நின்று பாடும் குரல் எங்கள் ஊர் பிளாண்டியுடையது. சித்தப்பா இதைச் சொல்லும்போது ஏதோ தன் சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார்.

கற்பனைக் குழுவின் கதை எனக்கு இவ்வளவு நெருக்கமானதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஃப்ளேம்ஸ் கதையும் எனக்குப் பெரியவர்கள் வாயிலிருந்து துண்டு துண்டாகத்தான் வந்தது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தபடி.

நாவலாசிரியருக்குப் பொறி தட்டியது ஃப்ளீட்வுட் மேக் என்ற நிஜ ராக் குழுவைப் பார்த்துத்தான். சிறு வயதில் டிவியில் அவர்கள் கச்சேரியில் பாடகி ஸ்டீவி நிக்ஸ் பாடும்போது, அதே குழுவில் இருந்த அவருடைய முன்னாள் காதலர் லிண்ட்சி பக்கிங்ஹாம் அவரைப் பார்த்த பார்வையை ஆசிரியரால் மறக்க முடியவில்லையாம். அந்த ஒரு பார்வையில் என்ன இருந்தது என்ற கேள்வியைத்தான் முழு நாவலாக விரித்திருக்கிறார்.

2023-இல் இது தொடராகவும் வந்தது. எல்விஸ் பிரெஸ்லியின் பேத்தி ரைலி கியோதான் டெய்சி. நன்றாகவே நடித்திருக்கிறார். நாவலில் வரும் ‘அரோரா’ ஆல்பத்தை நிஜமாகவே பாடி வெளியிட்டார்கள். நல்ல பாட்டுகள்தான், ஆனால் புத்தகத்தின் கடைசியில் அச்சிட்டிருக்கும் வரிகளுக்கு என் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு மெட்டு உட்கார்ந்துவிட்டது. அதனால் சொல்கிறேன், முதலில் புத்தகம், பிறகு தொடர்.

இன்னும் நல்ல வழி ஒலிநூல். ஜெனிஃபர் பீல்ஸ் டெய்சியாக, பாப்லோ ஷ்ரைபர் பில்லியாக, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் குரல். இவர்களைப் பேட்டி எடுப்பவர் யார் என்பது பின்பகுதியில்தான் தெரியவரும், அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. தெரியாமல் போய்க் கேளுங்கள்.