படித்தது பொய்த்துப்போனால்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். கதை, கவிதை பக்கம் அதிகம் போனதில்லை. அறிவியல், உளவியல், கல்வி, தொழில்நுட்பம் என்று அபுனைவாகவே படித்து வருகிறேன். மூன்று வருடங்களில் அறுபது புத்தகங்களாவது இருக்கும்.

போன மாதம் ஆசிரியர் அறையில் பேச்சுவாக்கில் ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னேன். முதுமையை நினைவூட்டும் சொற்களைக் கொடுத்தால் இளைஞர்கள்கூட அதன்பின் மெதுவாக நடக்கிறார்களாம். உளவியலாளர் டேனியல் கானமன் புத்தகத்தில் படித்தது. புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், "அது நிக்கலையே மேடம், திரும்பச் செஞ்சு பார்த்தப்ப வரலை" என்றார். தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், இதில் எது எப்போது பொய்யாகுமோ என்றுதான் தோன்றுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. அலமாரியில் இருக்கும் நூல்களில் பாதியில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பாதி மறந்துவிடுகிறது, மறக்காதது பொய்யாகிவிடுகிறது. பிறகு எதற்கு இவற்றைப் படிக்க வேண்டும்? எதை நம்பிப் படிப்பது?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தச் சோதனையை நானும் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைக்கு மேல். கானமன் நோபல் பரிசு பெற்றவர். 2011-இல் வந்த 'திங்க்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' நூலில், இந்த முடிவுகளை நம்பாமல் இருக்க உங்களுக்கு வழியே இல்லை என்கிற உறுதியோடு அவர் எழுதியிருந்தார். அவ்வளவு பெரியவர் அவ்வளவு திடமாகச் சொன்னதை நம்பியதற்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் அன்று ஆசிரியர் அறையில் நீங்கள் சொன்னது கதையின் முதல் பாதி. இரண்டாம் பாதி அதைவிட அருமையானது, இயற்பியல் நடத்தும் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது.

1996-இல் உளவியலாளர் ஜான் பார்ஜும் அவருடைய சகாக்களும் கல்லூரி மாணவர்களிடம் கலைந்து கிடக்கும் சொற்களைக் கொடுத்து வாக்கியமாக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்குக் கொடுத்த சொற்களில் நரை, சுருக்கம், மறதி என்று முதுமையைச் சேர்ந்தவை கலந்திருந்தன. பயிற்சி முடிந்தது, போகலாம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் பத்து மீட்டர் அளவு தாழ்வாரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருவர் ஸ்டாப்வாட்சில் மறைவாகக் கணக்கிட்டார். முதுமைச் சொற்களைப் பார்த்தவர்கள் மெதுவாக நடந்தார்கள். ஒரு சுற்றுக்கு முப்பது பேர்தான்.

2012-இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் இதையே 120 பேரை வைத்துச் செய்தார்கள். கையில் பிடிக்கும் கடிகாரத்துக்குப் பதிலாக, தாழ்வாரத்தின் இரண்டு முனையிலும் அகச்சிவப்புக் கதிர் உணரிகளை வைத்தார்கள். வித்தியாசம் ஒன்றும் வரவில்லை. அங்கே அவர்கள் நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. சோதனையை நடத்துபவர்களிலேயே ஒரு சாராரிடம் 'இவர்கள் மெதுவாக நடப்பார்கள்' என்றும், மறுசாராரிடம் 'வேகமாக நடப்பார்கள்' என்றும் சொல்லிவைத்து மறுபடி செய்து பார்த்தார்கள். மெதுவாக நடப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் நடத்திய சோதனையில் மட்டும் அந்த விளைவு தலைகாட்டியது.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனையை நினைத்துப் பாருங்கள். விடை, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.8 என்று மாணவனுக்கு முன்பே தெரியும். இருபது அலைவுகளை எண்ணும்போது இருபதாவதில் அவன் கட்டைவிரல் கடிகாரத்தை எப்போது அழுத்துகிறது? அவன் பொய் சொல்லவில்லை, விரல்தான் அந்த 9.8-ஐ நோக்கிச் சாய்கிறது. நீங்கள் வருடா வருடம் பார்ப்பது இது. உளவியலில் பெயர்பெற்ற ஒரு முடிவுக்குப் பின்னாலும் நடத்துபவரின் இதுபோன்ற எதிர்பார்ப்பு இருந்திருக்கலாம் என்பதைத்தான் பிரஸ்ஸல்ஸ்காரர்கள் காட்டினார்கள். ஆசிரியர் அறையில் இதையும் சொல்லியிருந்தால் அந்தப் புதிய ஆசிரியருக்கும் உங்களுக்கும் ஒரு மணி நேரம் பேச விஷயம் இருந்திருக்கும்.

கானமன் செய்ததையும் சொல்ல வேண்டும். 2012-இலேயே அவர் இத்தகைய சோதனைகளைச் செய்யும் துறையினருக்கு ஒரு கடிதம் எழுதி, உங்கள் முடிவுகளை நீங்களே ஒருவர் மாற்றி ஒருவர் மறுசோதனை செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 2017-இல், போதிய ஆட்களை வைத்துச் செய்யாத ஆய்வுகளைத் தாம் அளவுக்கு மீறி நம்பிவிட்டதாகப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும் சிறு மாதிரிகளை நம்பி ஆய்வாளர்களே ஏமாறுகிறார்கள் என்று 1971-இல் ஆமோஸ் ட்வெர்ஸ்கியுடன் சேர்ந்து எழுதியவர் அவர்தான். தெரிந்தவருக்கே சறுக்கியிருக்கிறது. எண்பது வயதைத் தாண்டியவர், உலகமெங்கும் விற்ற தம் நூலின் ஒரு அத்தியாயத்தைத் தாமே பலவீனமானது என்று சொன்னாரே, அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

எதை நம்பிப் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பதில் ஒரு புத்தகம் கட்டும் பையனிடம் இருக்கிறது.

மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை. பதினான்கு வயதில் லண்டனில் ஒரு புத்தகம் கட்டுபவரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். கட்டுவதற்கு வரும் புத்தகங்களைக் கட்டும் முன் படித்தான். அப்படிக் கைக்கு வந்தவற்றில் ஒன்று, 1806-இல் ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளிவந்த ஒரு வேதியியல் நூல். எழுதியவர் ஜேன் மார்செட். லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுவிட்டு, புரிந்ததைப் பிறருக்கும் புரியவைக்க வேண்டுமென்று, ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்வதுபோல எழுதினார்.

ஃபாரடே பெரிய விஞ்ஞானியாகி வயதான பிறகு, மார்செட்டை நினைத்து ஒரு கடிதத்தில் எழுதினார். சிறுவயதில் தான் எதையும் எளிதில் நம்பிவிடும் கற்பனைக்காரன் என்றும், ஆனால் நேரில் கண்ட உண்மையை நம்புவான், வெறும் கூற்றைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டான் என்றும் சொல்கிறார். கைவசம் இருந்த சொற்பப் பொருட்களைக் கொண்டு அந்த நூல் சொன்னவற்றைச் செய்து பார்த்தார். புத்தகம் சொன்னபடியே வந்தது. அப்போதுதான் அறிவில் நங்கூரம் போட ஓரிடம் கிடைத்ததாக உணர்ந்தாராம்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த நூலின் நிலைமைதான். மார்செட் எழுதியபோது வேதியியல் வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டிருந்தது. முதல் பதிப்பு வந்த அடுத்த ஆண்டே டேவி பொட்டாசியத்தையும் சோடியத்தையும் மின்சாரத்தால் பிரித்தெடுத்துவிட்டார். மார்செட் பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டே போனார். பல பத்தாண்டுகள் அந்த நூல் விற்றது. இன்று யாரும் அதை வைத்து வேதியியல் படிக்க மாட்டார்கள். ஆனால் அது ஃபாரடேயிடம் ஒப்படைத்த பழக்கம் போகவில்லை. அவர் 1812-இல் டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தன் கையாலேயே கட்டி, டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே உதவியாளராகச் சேர்ந்தார். ஒரு சொற்பொழிவு புத்தகமாகி, புத்தகம் ஒரு பையனிடம் போய், பையன் அதே மேடைக்கு வந்து சேர்ந்தான்.

ஆகவே நான் ஒரு அபுனைவு நூலைக் கையில் எடுத்தால், நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் அழுத்தமாகச் சொல்லப்பட்ட ஒன்றைப் பிடித்துக்கொள்வேன். இது எப்படித் தெரியவந்தது என்று அந்தப் பக்கத்திலோ அடுத்த இரண்டு பக்கங்களிலோ சொல்லியிருக்கிறதா? எத்தனை பேரிடம் பார்த்தார்கள், யார் அளந்தார்கள், வேறு காரணம் இருக்க முடியாதா என்பதற்கு ஏதாவது உண்டா? 'ஆய்வுகள் காட்டுகின்றன' என்பதோடு நின்றுவிட்டால் புத்தகத்தை வைத்துவிடுவேன். டார்வின் 1859-இல் தம் நூலில், தம் கொள்கைக்கு எதிராக எழக்கூடிய இடைஞ்சல்களுக்கென்றே ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினார். கண்போன்ற ஓர் உறுப்பு படிப்படியாக எப்படி வந்திருக்க முடியும் என்ற கேள்வியை எதிராளி கேட்கும்வரை காத்திருக்கவில்லை. அந்த நேர்மை உள்ள புத்தகத்தில் தவறு இருந்தாலும் பரவாயில்லை, அதைக் கண்டுபிடிக்கும் வழியும் அதற்குள்ளேயே இருக்கும்.

தொழில்நுட்ப நூல்களில் 'இன்னும் பத்தாண்டுகளில்' என்று தொடங்கும் பக்கங்களை நான் தாண்டிவிடுவேன். ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது, அதை யார் எதற்காக உருவாக்கினார்கள் என்ற பக்கங்கள் அவ்வளவு சீக்கிரம் பழையதாவதில்லை.

கல்வி நூல்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். உளவியலில் ஒரு முடிவு பொய்த்தால் நமக்கு ஒரு நாள் முகம் சுண்டும். கல்வியில் பொய்த்தால் அதன் பலனைப் பிள்ளைகள் அனுபவிப்பார்கள். இவன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள் என்று பிரிக்கச் சொல்லும் நூல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படிப் பிரித்து, அந்தந்த வகைக்கு ஏற்பச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2008-இலேயே நான்கு உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அதற்குப் பின்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. 'எனக்குப் படிச்சா ஏறாது சார், பார்த்தாத்தான் ஏறும்' என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். யாரோ ஒரு பெரியவர் எங்கோ படித்ததை நம்பி அவன்மேல் ஒட்டிய சீட்டு அது. அவன் புத்தகம் பக்கமே போவதை விட்டிருந்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

மறதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதைத் திரும்பப் படித்தார்கள், மறுபிரிவினர் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். இன்று நன்றாகப் புரிகிறதே என்ற உணர்வு அடுத்த வாரத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. நல்ல நடையில் எழுதப்பட்ட நூல்களில்தான் இந்த ஆபத்து அதிகம். வழுக்கிக்கொண்டு போகும், கையில் ஒன்றும் ஒட்டாது.

நான் செய்வதைச் சொல்கிறேன். அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பின்னட்டையை ஒட்டிய வெற்றுத்தாளில் பென்சிலால் நாலு வரி எழுதுவேன். என்ன சொன்னார் என்பதைவிட, எப்படித் தெரிந்துகொண்டார் என்பதை எழுதப் பார்ப்பேன். பல தடவை இரண்டாவது வரியிலேயே தட்டும். தட்டிய இடத்துக்குத் திரும்பிப் போய்ப் படிப்பேன். இப்படிப் படித்தால் வருடத்துக்கு இருபது புத்தகம் முடியாது, எட்டோ ஒன்பதோதான் முடியும். நீங்கள் அறுபதைப் படித்திருக்கிறீர்கள். அவற்றில் பத்தைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டுக்குப் புதிதாக ஒன்றும் வாங்காமல், அந்தப் பத்தையே பென்சிலோடு மறுபடி படியுங்கள் என்பதுதான் என் யோசனை. கானமன் நூலும் அந்தப் பத்தில் இருக்கட்டும். அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் பிரஸ்ஸல்ஸ், 2012 என்று குறித்துவையுங்கள். உங்களுக்குப் பின் அந்தப் பிரதியைத் திறப்பவருக்கு உதவும்.

பதினோராவதாக, இன்னும் படித்திராவிட்டால், ஃபாரடே சிறுவர்களுக்குச் செய்த மெழுகுவத்திச் சொற்பொழிவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1861-இல் நூலாக வந்தது. ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவுகள். எரிவது திரியா, மெழுகா, வேறெதுவுமா என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றையும் கண்முன் செய்து காட்டிக்கொண்டே போகிறார்.

அதில் ஒன்றை நாளைக்கே வகுப்பில் செய்யலாம். மெழுகுவத்தியை ஏற்றி, நன்றாக எரியவிட்டு, மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு மேலே எழும். எரியும் தீக்குச்சியை அந்தக் கோட்டில், திரிக்கு மேலே இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில் காட்டுங்கள். நெருப்பு கோட்டின் வழியே கீழே ஓடி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிந்தது மெழுகின் ஆவி என்று நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே வாதாடட்டும். மின்விசிறியை முதலில் நிறுத்திவிடுங்கள், காற்று அசைந்தால் கோடு கலைந்துவிடும். அணைத்த உடனே காட்டவேண்டும், மெழுகு ஆறிவிட்டால் பற்றாது. யாராவது ஒரு பிள்ளை, 'சூட்டினால்தானே மறுபடி பற்றியது' என்று மறுத்துப் பேசினால், அவன் என்ன சோதனை செய்து பார்க்கலாம் என்கிறான் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.