ஒரே ஆர்டர் இஆர்பி-யில் இரண்டு முறை பதிவாகிறது: பதில்

வணிக நெட்வொர்க்கிலிருந்து (நிறுவனங்கள் ஆர்டர்களைப் பரிமாறிக்கொள்ளும் தளம்) வரும் ஒரே ஆர்டர் உங்கள் இஆர்பி-யில் (நிறுவன நிர்வாக மென்பொருள்) ஏன் இரண்டு முறை பதிவாகிறது என்று கேட்டிருந்தீர்கள். அங்கிருந்து வெப்ஹுக் (தானாக வரும் அறிவிப்புச் செய்தி) வந்ததும் அதைக் க்யூவில் (காத்திருப்பு வரிசை) போட்டுவிட்டு உடனே 202 (‘பெற்றுக்கொண்டோம்’) பதில் அனுப்புங்கள். இஆர்பி பதிவு அப்புறம் பின்னணியில் நடக்கட்டும்.

பெரிய ஆர்டர்கள் மட்டும் இரட்டிக்கின்றன, பதிவு முடிந்த பிறகே பதில் போகிறது என்கிறீர்கள். அப்படியானால் அனுப்புபவர் பக்கம் டைம் அவுட் ஆகி (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் முடிந்து), அதே செய்தி மறுபடி வருகிறது. முதல் தடவையே இங்கே பதிவாகிவிட்டது அவர்களுக்குத் தெரியாது.

லாகில் (நடந்ததைக் குறித்துவைக்கும் கோப்பு) இரண்டு பதிவுகளின் செய்தி ஐடியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே ஐடி, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடைவெளி என்றால் அது மறுபடி அனுப்பப்பட்ட செய்திதான், சந்தேகமே வேண்டாம். ஐடி வேறு என்றால் அனுப்புபவரே இரண்டாக உருவாக்குகிறார். அவர்களிடம்தான் பேச வேண்டும்.

க்யூ மட்டும் போதாது. அனுப்புநர் ஐடி, செய்தி ஐடி இரண்டையும் சேர்த்து டேட்டாபேஸில் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே ஜோடி இரண்டாம் முறை பதிவாகாமல் தடுக்கும் விதி) போடுங்கள். ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று தேடிவிட்டு இன்சர்ட் செய்யும் (புதிதாகச் சேர்க்கும்) நிரலை நம்பாதீர்கள். ஒரே செய்தியின் இரண்டு பிரதிகளும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுக்குமே ‘இல்லை’ என்றுதான் விடை வரும்.

ஆர்டர் எண்ணை மட்டும் வைத்து இரட்டையைத் தடுக்காதீர்கள். திருத்தப்பட்ட ஆர்டரும் அதே எண்ணில் வரலாம், அதைத் தொலைத்தால் இரட்டைப் பதிவைவிடப் பெரிய தலைவலி.