பழைய வீடியோ கேம் பத்திரிகைகள்: கேளுங்கள், சொல்கிறேன்

பிரிட்டனில் 80களிலும் 90களிலும் வந்த கேம் பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பைத்தியம். இதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொன்னதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

அண்ணே, இந்த வகைப் பத்திரிகை முதலில் எங்கே வந்தது?

1981 கடைசியில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில். பிரிட்டனில் நவம்பர் மாதம் 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்'. அமெரிக்காவில் அதே குளிர்காலத்தில் 'எலக்ட்ரானிக் கேம்ஸ்'. ஆர்னி காட்ஸ், பில் கங்கல், ஜாய்ஸ் வோர்லி மூவரும் தொடங்கியது. 1983-இல் அமெரிக்க கேம் சந்தை படுத்துவிட்டதால் அதன் முதல் ஓட்டம் 1985-உடன் நின்றது. பிரிட்டனில் பிள்ளைகள் விளையாடியது ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளில். அதனால் அந்த அடி அங்கே அவ்வளவாக விழவில்லை.

பக்கம் பக்கமாக புரோகிராம் அச்சடித்திருக்கிறார்களே, அது எதற்கு?

நீங்களே தட்டச்சு செய்து விளையாடத்தான். ஒரு கமா விட்டுப்போனாலும் ஓடாது. சில சமயம் தப்பு அச்சிலேயே இருக்கும். திருத்தம் அடுத்த மாத இதழில் வரும்!

சார், விமர்சனம் எழுதியவர்கள் யார்? கணினி படித்தவர்களா?

இங்கேதான் லட்லோ வருகிறது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு சின்ன ஊர். தபாலில் கேம் விற்றுக்கொண்டிருந்த ராஜர் கீன், ஆலிவர் ஃப்ரே, ஃபிராங்கோ ஃப்ரே ஆகியோர் அங்கிருந்து 1984 தொடக்கத்தில் ஸ்பெக்ட்ரமுக்காக 'கிராஷ்' கொண்டுவந்தார்கள். விமர்சகர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளிப் பையன்கள். ஒரு கேமுக்கு மூன்று பேர் கருத்து. அவற்றைச் சேர்த்து ஒரு சதவீத மதிப்பெண். பெரியவர் ஒருவர் ஆராய்ந்து எழுதுவதைவிட, வாங்கப்போகும் வயதுப் பையன் சொன்னால் எடுபடும் என்று புரிந்துவைத்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனம் அதுதான் என்பேன்.

1985-இல் கொமடோர் 64-க்காக வந்த தம்பிப் பத்திரிகை 'ஜாப் 64' ஒரு படி மேலே போனது. கருத்துக்குப் பக்கத்திலேயே விமர்சகரின் கேலிச்சித்திர முகம் இருக்கும். கேம் பிடித்தால் பல் தெரியச் சிரிப்பு, பிடிக்காவிட்டால் எரிச்சல். ஜூலியன் ரிக்னல், கேரி பென் எல்லாம் வாசகர்களுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன்கள் மாதிரி ஆனார்கள்.

கிராஷில் கடிதப் பக்கம் நடத்திய லாயிட் மேங்க்ரம் இப்போது எங்கே இருக்கிறார்?

எங்கேயும் இல்லை, தம்பி. அப்படி ஒருவர் இருந்ததே கிடையாது. ஆசிரியர் குழு போட்டுக்கொண்ட முகமூடி. அமெரிக்காவின் 'எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி'யில் 'சுஷி-எக்ஸ்' என்று ஒரு முகமூடி நிஞ்சா விமர்சகர் உண்டு. அதுவும் இதே கதைதான்.

விளம்பரம் தருபவனின் கேமுக்கே எப்படி மார்க் குறைப்பார்கள்?

பலர் குறைக்கவில்லை என்பதுதான் உண்மை. 100-க்கு மார்க் போடுகிறோம் என்பார்கள். ஆனால் சுமாரான கேமுக்கே 70-க்கு மேல் விழும். அமிகா என்ற வீட்டுக் கணினிக்காக 1991-இல் தொடங்கிய 'அமிகா பவர்' இதைத்தான் உடைக்கப் பார்த்தது. சராசரி என்றால் 50 என்று அறிவித்து, அப்படியே போட்டது. ஸ்டூவர்ட் கேம்ப்பெல் போன்றவர்கள் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. கேம் கம்பெனிகளோடு ஓயாத சண்டை. 1996-இல் பத்திரிகை நின்றது. ஆனால் அதற்கு மார்க்கைக் காரணம் சொல்ல முடியாது. அதற்குள் அமிகா கணினியே வழக்கொழிந்துகொண்டிருந்தது.

ஜப்பானின் 'ஃபாமிட்சு' வேறு வழி வைத்திருந்தது: நான்கு பேர், ஆளுக்கு 10, மொத்தம் 40. முதல் முழு 40 கிடைத்தது 1998-இல், 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்' கேமுக்கு.

அட்டையில் கேம் கேசட் ஒட்டி விற்றார்களாமே?

ஆமாம், 80களின் கடைசியில் அது ஒரு போட்டியாகவே ஆனது. அப்புறம் எழுத்துக்காக வாங்கியவர்களைவிட கேசட்டுக்காக வாங்கியவர்கள்தான் அதிகமோ என்று எனக்குச் சந்தேகம்.

இதில் எழுதியவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள்?

கேரி பென், 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வை உருவாக்கிய டிஎம்ஏ டிசைன் நிறுவனத்துக்குப் போனார். 'பிசி ஸோன்' பத்திரிகையில் எழுதிய சார்லி புரூக்கர்தான் பிறகு 'பிளாக் மிரர்' தொடரை உருவாக்கினார். 'ஜாப் 64' தொடங்கும்போது ஆசிரியராக இருந்த கிறிஸ் ஆண்டர்சன், லட்லோவுக்கு இடம் மாறச் சம்மதிக்காமல் வெளியேறி 1985-இல் ஃபியூச்சர் பதிப்பகத்தைத் தொடங்கினார். 'அமிகா பவர்', 'எட்ஜ்' இரண்டும் அங்கிருந்து வந்தவை. 'டெட்' (TED) மேடைப் பேச்சுகளை உலகம் முழுக்கக் கொண்டுபோனதும் இவரே. நம் முசௌரியில் பள்ளி படித்தவர் என்பது கூடுதல் தகவல்.

'கிராஷ்', 'ஜாப் 64' இரண்டையும் நடத்திய லட்லோ நிறுவனம் 1991-இல் திவாலானது.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

இன்டர்நெட் ஆர்க்கைவில் 'ஜாப் 64' 1985 இதழ்கள் ஸ்கேனாக இருக்கின்றன. விமர்சனத்துக்குப் போகும் முன் கடிதப் பக்கத்தைப் பாருங்கள். மார்க்குக்காக வாசகர்கள் போடும் சண்டை அங்கேதான் இருக்கிறது.