வித்தைக்கு எந்தச் சீட்டு? கேள்வி பதில்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் சீட்டு வித்தை பழகும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

அண்ணா, சீட்டு எவ்வளவு தடிமன் இருந்தால் வித்தைக்கு நல்லது? (வேலந்தாவளம்)

ஒற்றைச் சீட்டை அளந்தால் ஒன்றும் பிடிபடாது தம்பி. 52 சீட்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்து ஸ்கேலை வையுங்கள். பைசைக்கிள் என்ற பிராண்டின் ரைடர் பேக் கட்டு 15 மி.மீ. சொச்சம் வரும். வகுத்துப் பார்த்தால் சீட்டுக்குச் சுமார் 0.3 மி.மீ.

ஆனால் ஒரே தடிமனுள்ள இரண்டு கட்டு கையில் வேறு வேறாக இருக்கும். நல்ல சீட்டு என்பது இரண்டு தாள், நடுவே வெளிச்சம் ஊடுருவாத கருநிறப் பசை. தாளை உருளையில் கூடுதலாக நசுக்கினால் சீட்டு மெலியும், வளையவும் செய்யும். இதைத்தான் 'கிரஷ்டு' என்கிறார்கள். டபுள் லிஃப்ட், அதாவது இரண்டு சீட்டைச் சேர்த்து ஒற்றைச் சீட்டுபோல் எடுப்பது, செய்யும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும். மெலிந்த சீட்டில் அது சுலபம். தடித்ததில் ஓரம் காட்டிக் கொடுத்துவிடும். உள்ளங்கையில் மறைப்பதற்கும் அப்படித்தான், விறைப்பான சீட்டு கைக்குள் அடங்காமல் திமிறும்.

அதற்காக மெலிந்ததே உயர்ந்தது என்று முடிவு கட்டாதீர்கள். விரல் படியாத புதியவர் முறுக்கி முறுக்கிப் பழகுவார். அதற்குச் சாதாரணக் கட்டே நின்று பிடிக்கும். என்னைக் கேட்டால் முதல் வருடம் 'கிரஷ்டு' பக்கமே போக வேண்டாம்.

பெட்டிக்கடை ரம்மிக் கட்டில் பழகலாமா சார்?

பழகலாம். பெரும்பாலும் அது 57 மி.மீ. அகலம். வித்தைக்காரர்கள் வைத்திருப்பது 63 மி.மீ. சின்னக் கைக்கு 57 வசதிதான். சிக்கல் வழவழப்பில் இருக்கிறது. ரைடர் பேக்கின் மேல் நுண்ணிய குழிகள் உண்டு, அதில் காற்று நிற்பதால் சீட்டு சீராக விரியும். பளபளப்புச் சீட்டு கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும், விசிறி விரித்தால் நடுவில் ஓட்டை விழும்.

கேரம் பவுடர் போட்டால் வழுக்குமே?

வேண்டாம். இரண்டு நாள் வழுக்கும், அப்புறம் கை வியர்வையோடு சேர்ந்து அழுக்காகத் திரளும்.

பிளாஸ்டிக் சீட்டு? (சித்தூர்)

கழுவலாம், வருடக்கணக்கில் உழைக்கும், ரம்மிக்கு ராஜா. ஆனால் வளைத்தால் உடனே நிமிர்ந்துவிடும். ஓரத்தில் சின்ன மடிப்பு வைத்து அடையாளம் பிடிக்கும் வேலை இதில் நடக்காது. கெம் பிராண்டு போன்ற செல்லுலோஸ் அசிடேட் (ஒரு வகை பிளாஸ்டிக்) சீட்டுக்கும் இதே கதைதான்.

ஜூனில் சீட்டு ஊதிப்போகிறது, தையில் சுருள்கிறது. கட்டு மட்டமா?

கட்டின் மேல் குற்றமில்லை. தாள் ஈரத்தைக் குடிக்கும், உலர்ந்தால் விடும். நமக்கு மழைக்காலம் ஒரு பக்கம், மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் வறண்ட காற்று இன்னொரு பக்கம். மழையில் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சுருண்டதை எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். வெயிலில் காய வைப்பது சீட்டைக் கொல்லும் வழி.

ஃபேரோ பின்னவே மாட்டேன் என்கிறது. கை சரியில்லையா?

ஃபேரோ என்றால் கட்டைச் சரிபாதியாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிக் கலைப்பது. முதலில் கட்டைப் புரட்டிப் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலையில் சீட்டை வெட்டும்போது ஓரம் ஒரு பக்கமாகச் சாயும். ஒரு திசையில் வெண்ணெயாகப் பின்னும், மறு திசையில் முட்டும். அச்சாலைக்கு அச்சாலை இது மாறும். பின்னிவிட்டது என்றால், மேல் சீட்டும் கீழ்ச் சீட்டும் இடம் மாறாமல் எட்டு முறை பின்னுங்கள், 52 சீட்டும் பழைய வரிசைக்கே வந்து நிற்கும்.

வீட்டில் சூதாட்டம் என்று திட்டுகிறார்கள் அண்ணா.

கேரளத்தில் செப்பும் பந்தும் (கிண்ணத்தடியில் பந்து மறைந்து தோன்றும் வித்தை) வைத்துப் பேர் வாங்கிய வித்தைக்காரர் வாழக்குன்னம் நம்பூதிரியைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். மசியவில்லை என்றால் அம்மாவிடமே ஒரு சீட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு கட்டு எவ்வளவு நாள் வரும்?

தினமும் பழகினால் சில வாரம். ஓரம் கறுத்து, கட்டு விசிறியாக விரிய மறுத்தால் மாற்றிவிடுங்கள். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், கிழித்து ஒட்டும் வித்தைகளுக்கு ஆகும்.